எடை தூக்க ஆரம்பித்த பிறகு உங்கள் உடம்பைப் பற்றிய எண்ணம் மாறியதா?

நொய்யல்கரை:

வணக்கம். கோவையில் இருக்கிறேன், வயது 37, இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே பருமனான உடம்பு. கல்யாண வீட்டுக்குப் போனால் "என்னம்மா, இன்னும் ஊதிட்டே போற" என்று கேட்காத சித்தி, பெரியம்மா கிடையாது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நலம் விசாரிப்பதே அவர்களுக்கு அப்படித்தான். கேட்டுக்கொள்கிற எனக்குத்தான் அது உள்ளே தங்கிவிடும். குரூப் போட்டோ என்றால் பின்வரிசை, அதிலும் யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னால். முழங்கை வரை நீளமான பிளவுஸ். தையல்கடையில் அளவெடுக்கும்போது எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

எடை குறைக்கத்தான் ஜிம்முக்குப் போனேன். முதலில் சேர்ந்த இடத்தில் பெண்கள் என்றாலே டிரெட்மில், சைக்கிள், கடைசியில் கொஞ்சம் வயிற்றுப் பயிற்சி. வாரா வாரம் எடை பார்த்து நோட்டில் எழுதுவார்கள். எண் இறங்காவிட்டால் அந்த வாரம் முழுக்க மனசு சரியிருக்காது. அப்புறம் ஒரு பெண் கோச் நடத்தும் சின்ன ஜிம்முக்கு மாறினேன். அவர் என்னை எடை மெஷினில் ஏறச் சொல்லவே இல்லை. "எவ்வளவு தூக்க முடியுதுன்னு பார்ப்போம்" என்று பாரை, அதாவது எடைத் தட்டுகள் மாட்டுகிற இரும்புக் கம்பியை, கையில் கொடுத்தார். பிளேட் எதுவும் மாட்டாத 15 கிலோ பார். அதை வைத்துத்தான் ஸ்குவாட் (பாரைத் தோளில் தாங்கிக் குந்தி எழுவது) கற்றுக்கொண்டேன். பிறகு பக்கத்துக்கு ஒன்றேகால், இரண்டரை என்று ஏறியது.

இப்போது டெட்லிஃப்ட்டில் (பாரைத் தரையிலிருந்து இடுப்பு வரை தூக்கி நிமிர்வது) 80 கிலோ எடுக்கிறேன். என் எடை 74. சேர்ந்தபோது 77. ஊரார் கண்ணுக்கு நான் இன்னும் அதே குண்டுப் பெண்தான். ஆனால் என் தொடையைப் பார்த்து எனக்கு இப்போது வெட்கம் வருவதில்லை. அந்தத் தொடைதானே அவ்வளவு எடையைத் தரையிலிருந்து கிளப்புகிறது! நிறை சிலிண்டர் ஏறக்குறைய முப்பது கிலோ வரும். வாசலில் வைத்துவிட்டுப் போனால் யாராவது வரட்டும் என்று காத்திருப்பதில்லை, நானே உள்ளே கொண்டுபோய் மாட்டிவிடுகிறேன். போன மாதம் ஒரு விசேஷத்துக்கு அரைக்கை பிளவுஸ் தைத்துப் போட்டுக்கொண்டேன்.

என் கேள்வி இதுதான். உடம்பு பெரிதாக மாறாமல் மனசு எப்படி மாறியது? எனக்கு மட்டும் இப்படியா, எடை தூக்குகிற எல்லாருக்கும் இப்படித்தானா? ஆண்களும் சொல்லுங்கள்.

சாத்துவாச்சாரி:

அக்கா, 80 கிலோவுக்கு வாழ்த்துகள். அது சின்ன எடை இல்லை.

நான் வேலூர். எங்கள் ஊரில் வெயிட்லிஃப்டிங் தெருவுக்குத் தெரு பேச்சு. 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் என்று இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் ஊர்க்காரர். சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்து வளர்ந்ததால் ஒன்று பழகிவிட்டது. எங்கள் விளையாட்டில் ஒருவரின் உடல் எடை என்பது அவர் எந்தப் பிரிவு என்று சொல்கிற எண், அவ்வளவுதான். அதில் நல்லது கெட்டது இல்லை.

கர்ணம் மல்லேஸ்வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1994, 1995 உலகப் பட்டங்களை 54 கிலோ பிரிவில் வாங்கினார். பெண்கள் பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக வந்தது 2000 சிட்னியில். அங்கே அவர் இறங்கியது 69 கிலோ பிரிவில். ஸ்நாட்ச்சில் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) 110, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, அப்புறம் தலைக்கு மேல்) 130, மொத்தம் 240 கிலோ, வெண்கலம். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். 54-லிருந்து 69-க்குப் போன ஒரு பெண்ணைக் கல்யாண வீட்டில் என்னவெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாட்டுக்கு அந்த 69 கிலோ உடம்புதான் பதக்கம் கொண்டுவந்தது.

இன்னொரு பக்கம் மீராபாய் சானு. டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் இறங்கி, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 115 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினார், தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதே டோக்கியோவில் 87 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் சீனாவின் லி வென்வென் மொத்தம் 320 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். இருவரில் யார் உடம்பு சரியான உடம்பு என்று எங்கள் பயிற்சிக் கூடத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.

தென்னங்கீற்று:

எல்லாரும் மகிழ்ச்சியாக எழுதுகிறீர்கள். என் நிலைமை நேர் எதிர். சொல்லாமல் விடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

24 வயது, ஆண். சின்ன வயதில் ஒல்லிக்குச்சி என்பதுதான் என் பெயர். காத்தடிச்சா பறந்துருவே என்பார்கள். கல்லூரியில் ஜிம் சேர்ந்தேன். உடம்பு ஏறியது, ஒன்பது கிலோவுக்கு மேல். நண்பர்கள் "மாஸ்டா" என்கிறார்கள். எனக்கு அது கண்ணில் தெரியவில்லை. ஜிம்மில் நாலு பக்கமும் கண்ணாடி. செட்டுக்குச் செட்டு அதில் கையைப் பார்ப்பேன். காலையில் எழுந்தவுடன் டேப் வைத்து அளப்பேன். கால் அங்குலம் குறைந்த மாதிரி இருந்தால் அன்றைக்கு அரைக்கைச் சட்டை போடமாட்டேன். நண்பர்களோடு ஹோட்டலுக்குப் போவதை விட்டுவிட்டேன், அங்கே புரோட்டீன் கணக்கு தவறிவிடும். ஒருநாள் ஜிம்முக்குப் போக முடியாவிட்டால் தூக்கம் வராது.

இப்போது கூடப் பயிற்சி செய்கிற ஒருவர், ஒரு சைக்கிள், அதாவது சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அக்கா கேட்கிறார், எடை தூக்கினால் எல்லாருக்கும் தன்னம்பிக்கை வருமா என்று. எனக்கு வந்தது தன்னம்பிக்கை இல்லை. முன்பு ஒல்லியாக இருக்கிறேன் என்று கூசினேன். இப்போது போதுமான அளவு பெரிதாக இல்லை என்று கூசுகிறேன்.

எலும்பும் தசையும்:

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. நான் மதுரையில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். உங்களை மாதிரி இளைஞர்கள் தோள் வலி, முதுகு வலி என்று வருவார்கள். பேசிப் பார்த்தால் வலிக்குப் பின்னால் இதுதான் இருக்கும். முதலில் உங்களுக்குச் சொல்லிவிட்டு அப்புறம் நொய்யல்கரைக்கு வருகிறேன்.

நீங்கள் சொல்வதற்கு மருத்துவத்தில் மசில் டிஸ்மார்ஃபியா என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவர் குழுவினரும் 1990-களில் ஜிம்களில் பார்த்து எழுதினார்கள். 1997-இல் இந்தப் பெயர் வந்தது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில், உடல் தோற்றம் பற்றிய மனநோயின் ஒரு வகையாகச் சேர்த்தார்கள். திரும்பத் திரும்ப அளப்பது, துணியால் மறைப்பது, சாப்பாட்டுக் கணக்குக்காக நண்பர்களைத் தவிர்ப்பது, ஒருநாள் விட்டால் பதற்றம், இவையெல்லாம் அதன் அடையாளங்கள். இருக்கிறதா இல்லையா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால் மனநல மருத்துவரையோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டையோ பாருங்கள். இதற்குப் பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. பலவீனமான மனசு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அந்த ஊசி வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து ஹார்மோன் போனால் உங்கள் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். விரைகள் சுருங்கும், விந்தணு குறையும், கெட்ட கொழுப்பு ஏறும், இதயத் தசை பாதிக்கும். நிறுத்திய பிறகு மனச்சோர்வு வரும். இன்னொன்று, ஊசி போட்டு வளர்ந்த கையையும் நீங்கள் இதே கண்ணோடுதான் பார்ப்பீர்கள்.

நொய்யல்கரை, உடம்பு மாறாமல் மனசு எப்படி மாறியது என்று கேட்டீர்கள். முதல் சில வாரங்களில் ஏறுகிற பலத்துக்குத் தசை வளர்ச்சி பெரிய காரணம் இல்லை. இருக்கிற தசை நார்களை அதிக அளவில், ஒரே சமயத்தில் இயக்க மூளையும் நரம்பும் கற்றுக்கொள்கின்றன. அதனால் கண்ணாடியில் ஒன்றும் தெரிவதற்கு முன்பே பாரில் பிளேட் ஏறிவிடும். "இந்த உடம்பால் முடியும்" என்பதற்குச் சாட்சி முதலில் வருகிறது, தோற்றம் மெதுவாகப் பின்னால் வருகிறது, சில பேருக்கு வராமலும் போகிறது. உங்கள் கோச் எடை மெஷினை ஓரம் கட்டியதால் அந்தச் சாட்சி உங்கள் கண்ணில் பட்டது. ஆய்வுகளிலும் இது தெளிவாக வருகிறது: தோற்றத்துக்காக மட்டும் உடற்பயிற்சி செய்பவர்களுக்குத் தங்கள் உடம்பு மீதான அதிருப்தி கூடுதலாக இருக்கிறது.

ஒரே ஜிம், ஒரே இரும்பு. ஒருவர் எவ்வளவு தூக்கினோம் என்று எழுதி வைக்கிறார், இன்னொருவர் கை எத்தனை அங்குலம் என்று எழுதி வைக்கிறார். தம்பி, உங்களுக்கும் அக்காவுக்கும் நடுவில் நான் பார்க்கிற பெரிய வித்தியாசம் இதுதான்.

நொய்யல்கரை:

தென்னங்கீற்று தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஜிம்மில் ஸ்குவாட் ரேக் (பாரைத் தாங்கும் ஸ்டாண்டு) வெறும் சுவரைப் பார்த்துதான் இருக்கிறது. தூக்கும் முறை சரியா என்று கோச் பக்கத்தில் நின்று பார்ப்பார், தேவைப்பட்டால் போனில் வீடியோ எடுத்துக் காட்டுவார். கண்ணாடி இல்லாதது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் உறைக்கிறது. "குச்சி" என்று சொன்னவர்களும் "ஊதிட்டே" என்று சொன்னவர்களும் ஒரே ஆட்கள்தான் தம்பி. அவர்களைத் திருப்திப்படுத்துகிற ஒரு உடம்பு இந்த உலகத்தில் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

காவிரிக்கரை டீச்சர்:

எனக்கு 61 வயது. திருச்சி. ஓய்வு பெற்ற ஆசிரியை. இந்த வயதில் உடம்பின் தோற்றம் பற்றிக் கவலை இருக்காது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு வயிறு வந்தது, கைச்சதை தொங்கியது, கூன் விழுந்துவிடுமோ என்ற பயம் வந்தது. டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் எலும்பின் அடர்த்தி குறைவு என்று வந்தது. கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். "கனமான பொருள் எதையும் தூக்காதீங்க" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு தடவை சொன்னார்கள். மகள் என்னை விட்டுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் என்ற ஆய்வைத் தேடி எடுத்துக் காட்டினாள். எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களை வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம் நிஜமாகவே கனமான எடை தூக்க வைத்திருக்கிறார்கள். முதுகெலும்பின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடியிருக்கிறது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்குக் கூடவில்லை. முழுக்க முழுக்க மேற்பார்வையில் நடந்த ஆய்வு அது. என் வயதுக்காரர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுத் தனியாகத் தூக்கிப் பார்க்காதீர்கள்.

நானும் ஒரு இயன்முறை மருத்துவரிடம்தான் செய்கிறேன். முதலில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, அப்புறம் கையில் டம்பெல். இப்போது 30 கிலோவைத் தரையிலிருந்து எடுக்கிறேன். தரையில் உட்கார்ந்து கோலம் போட்டுவிட்டு எதையும் பிடிக்காமல் எழுகிறேன். மலைக்கோட்டைக்கு ஏறும்போது கைப்பிடியைத் தேடுவதில்லை. கைச்சதை இன்னும் தொங்கத்தான் செய்கிறது. தொங்கட்டும்.

ஆசிரியையாக ஒரு வருத்தமும் உண்டு. நான் வேலை பார்த்த காலம் முழுக்க பி.டி. பீரியடில் பையன்கள் மைதானத்துக்கு ஓடுவார்கள், பெண் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். தன் உடம்பால் என்னவெல்லாம் முடியும் என்று தெரிந்துகொள்ள வேண்டிய வயதில், அது எப்படித் தெரிகிறது என்று மட்டுமே அந்தப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஸ்காபரோ அப்பா:

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில். என்ர மகளுக்கு 15 வயது. கொஞ்ச நாளாகச் சோறு தொடுகிறாள் இல்லை. பள்ளிக்குக் கொடுத்துவிடுகிற சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது. கண்ணாடிக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறாள். பிள்ளை மெலிவுதான், குண்டு இல்லை. உங்கள் எல்லோருடைய கதையையும் வாசித்த பிறகு அவளை ஜிம்மில் சேர்த்துவிடலாமோ என்று யோசிக்கிறேன். இந்த வயதில் எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று அம்மம்மா சொல்கிறா. உண்மையோ?

எலும்பும் தசையும்:

ஐயா, வளர்த்தி நின்றுவிடாது. தகுதியான பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து, முறையாகச் செய்தால் பிள்ளைகளும் எடைப் பயிற்சி செய்யலாம் என்று அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவச் சங்கமே சொல்கிறது.

ஆனால் உங்கள் மகளுக்கு ஜிம் இரண்டாவது. முதலில் குடும்ப மருத்துவர். இந்த வாரமே. சாப்பாட்டை ஒதுக்குவதும் வயிற்றைப் பிடித்துப் பார்ப்பதும் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடக் கூடாது. மாதவிடாய் தவறுகிறதா, தலைசுற்றல் இருக்கிறதா என்று அவளுடைய அம்மா மெதுவாகக் கேட்கட்டும். சாப்பிடாத பிள்ளையை ஜிம்முக்கு அனுப்பினால், கலோரி எரிக்க இன்னொரு வழி கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, அவளுக்கே விருப்பம் இருந்தால் சேருங்கள். எடை பார்க்காத பயிற்சியாளராகத் தேடுங்கள். வீட்டில் யாருடைய எடையைப் பற்றியும், உங்களுடையதைப் பற்றியும்கூட, அவள் காதுபடக் கதைக்க வேண்டாம்.

ஸ்காபரோ அப்பா:

நன்றி டொக்டர். நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் எடுக்கிறேன். மனைவி ஒவ்வொரு காலையும் ஹோலில் நின்றுதான் எடை பார்க்கிறவ. அந்த மெஷினை இண்டைக்கே உள்ளுக்கு வைக்கச் சொல்லிவிட்டேன்.

புதுசு:

இத்தனை நாளாகப் படிக்க மட்டும் செய்தவள், இன்றைக்கு எழுதுகிறேன். வயது 29, சேலம். எடை தூக்கிப் பார்க்க ஆசை. மூன்று பயம். ஒன்று, பக்கத்து ஜிம்மில் மாலை நேரம் முழுக்க ஆண்கள். இரண்டு, ஆண்பிள்ளை மாதிரி உடம்பு ஆகிவிடுமா? மூன்று, கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று அம்மா தடுக்கிறார். எனக்கு ஒரு குழந்தை, சுகப்பிரசவம்.

நொய்யல்கரை:

வாங்க புதுசு. முதல் பயம் எனக்கும் இருந்தது. காலை பத்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள், பெரும்பாலான ஜிம்களில் காலியாக இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் சும்மா உட்கார்ந்து கவனியுங்கள். பெண்கள் ரேக் பக்கம் போனால் டிரெய்னர் சொல்லித்தருகிறாரா, இல்லை டிரெட்மில்லுக்குத் திருப்பி அனுப்புகிறாரா என்று பாருங்கள். தளர்வான டிராக் பேன்ட், டி-ஷர்ட் போதும். டெட்லிஃப்ட்டுக்குத் தட்டையான அடி உள்ள ஷூ நல்லது.

இரண்டாவது, அப்படி ஆகாது. ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற தசை வளர்க்கும் ஹார்மோன் மிக மிகக் குறைவு. அந்த மாதிரித் தசை வேண்டும் என்று வருடக்கணக்கில் பாடுபடுகிற பெண்களுக்கே அது லேசில் வருவதில்லை.

சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு எடை தூக்காதீர்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எதற்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். சுண்டல், நிலக்கடலை, மீன், தயிர், சோயா என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே கொண்டுவரலாம். பவுடர் வாங்கினால்தான் ஆகும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எலும்பும் தசையும்:

அம்மாவின் பயத்தை அப்படியே தள்ளிவிட வேண்டாம். பிரசவம் ஆன உடனே குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிய தலைமுறை கண்ணால் பார்த்ததிலிருந்து வந்த பயம் அது. நீங்கள் இருமும்போது சிறுநீர் கசிகிறதா, கீழே ஏதோ இறங்குகிற மாதிரிக் கனம் தெரிகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் முதலில் மகப்பேறு மருத்துவர், அப்புறம் இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி தருகிற இயன்முறை மருத்துவர். இல்லையென்றால் லேசான எடையில் தொடங்கி மெதுவாக ஏற்றலாம். எடையை மேலே தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள். தம் கட்டுவதெல்லாம் பின்னால் கோச் சொல்லிக்கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனமே பெரியவர்கள் எல்லாரும் வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தென்னங்கீற்று:

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய்வந்தேன். டாக்டர் அரைமணி நேரம் பேசினார், சிரிக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். ஜிம்முக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை, அளப்பதை நிறுத்தச் சொன்னார். டேப்பை அம்மாவின் தையல் பெட்டியில் போட்டுவிட்டேன். ஊசி சொன்னவரிடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. இன்னும் கண்ணாடியைப் பார்க்கிறேன். அது உடனே போகாது என்றும் டாக்டர் சொன்னார்.

சாத்துவாச்சாரி:

நல்லது நண்பா. டாக்டர் சரி என்றால் ஸ்நாட்ச் கற்றுக்கொள்ளப் பாருங்கள். கை எத்தனை அங்குலம் என்பது அதில் எதற்கும் உதவாது. வேகம், நேரம், தோளின் வளைவு, எல்லாம் ஒரு நொடியில் கூடிவர வேண்டும். வெறும் பாரிலேயே சில வாரம் போய்விடும். வேலூர்ப் பக்கம் வந்தால் தனிச்செய்தி போடுங்கள், எங்கள் கூடத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

புதுசு:

சேர்ந்துவிட்டேன்! காலை நேரம், அம்மாவும் கூட வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு சந்தேகம். அங்கே இரண்டு மூன்று பார் இருக்கின்றன, எது 15 கிலோ எது 20 கிலோ என்று டிரெய்னருக்கே தெரியவில்லை.

சாத்துவாச்சாரி:

போட்டித் தரத்துப் பார் என்றால் பிடித்தாலே தெரியும். பெண்களுக்கான 15 கிலோ பார் 25 மில்லிமீட்டர் தடிமன், 20 கிலோ பார் 28. ஆனால் உள்ளூர் ஜிம்களில் 8, 10, 12 கிலோ என்று எல்லா எடையிலும் பார் கிடக்கும். எடை மெஷினில் நீங்கள் ஏறுவதற்குப் பதில் பாரை நிறுத்திப் பாருங்கள். வந்த எண்ணைச் சாக்பீஸால் அதன் முனையில் எழுதி வைத்துவிடுங்கள், அடுத்து வருகிறவர்களுக்கும் உதவும்.